க்ரிம்ஸ்பி பேச்சுத்துணை

சிந்துஜாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மிஷன் வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவளும் கணவன் மதிவாணனும் நடத்துகிற வாடகை ஸ்கூட்டர் கடைக்கு ஒருதரம் வந்து பார்த்தால் தெரியும். லைசென்ஸ் வேண்டும், ஹெல்மெட் போட வேண்டும், இந்த வண்டிக்குப் பின் பிரேக் கொஞ்சம் கனம், சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள், பஞ்சர் ஆனால் இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள். இதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் சொல்வாள். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் ஹெல்மெட்டுக்கு ‘கஸ்க்’, பெட்ரோலுக்கு ‘எஸ்ஸான்ஸ்’ என்று அதிலும் நாலு வார்த்தை கைவசம் உண்டு. ஆனால் ஸ்கூட்டரை விட்டு ஓர் அடி தள்ளி நின்று பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இது பெரிய குறை என்று அவள் நெடுநாள் நினைத்ததில்லை. போன மழைக்காலத்தில்தான் அந்த நினைப்பு வந்தது. நரைத்த தலையோடு தனியாக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வண்டியைத் திருப்பிக் கொடுத்தாள். சாவியைக் கையில் தரும்போது நின்று, ஸ்கூட்டரின் சீட்டைத் தடவியபடி, என்னவோ நீளமாகச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. சொல்லி முடித்துவிட்டுப் பதிலுக்காக சிந்துஜாவின் முகத்தையே பார்த்தாள். சிந்துஜாவோ, “நோ ப்ராப்ளம், மேடம்” என்றாள். அந்தம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு புன்னகைத்து, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

என்ன சொல்லியிருப்பாள்? சிந்துஜாவுக்கு அது முள்ளாகத் தைத்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள். யாரிடமும் கேட்க முடியாது. சொன்னவள் இந்நேரம் ஏரோப்பிளேனில் இருப்பாள்.

நெல்லித்தோப்பு வீட்டில் அவளோடு இருப்பவள் நாத்தனார் கவிநிலா. காலேஜில் எம்.பி.ஏ. படிக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் செல்போனை எடுத்தாள்.

“அண்ணி, இதுக்குன்னே ஒரு சைட் இருக்கு. வெளிநாட்டுல இருக்கறவங்க சும்மா, காசு வாங்காம பேசுவாங்க. நேட்டிவ் ஸ்பீக்கர்ஸ்.”

“நேட்டிவ்னா?”

“பொறந்ததுலேருந்தே இங்கிலீஷ்தான் பேசறவங்க. வாரத்துல ரெண்டு நாள், அரமணி நேரம். நீங்க பேசிக்கினே இருந்தா தானா வந்துடும்.”

“நான் என்னாத்தப் பேசறது?”

“அத அவங்க பாத்துப்பாங்க. நீங்க வாயத் தொறங்க போதும்.”

பத்து நாளைக்குள் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது. பெயர் கீத். ஊர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் க்ரிம்ஸ்பி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். புதனும் சனியும் அங்கே காலை, இங்கே மத்தியானம் மூன்றரை மணி. வெயிலில் சந்து காலியாகக் கிடக்கும் நேரம் அது. மதிவாணன் உள்ளே வண்டிகளுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருப்பான்.

முதல் நாள் சிந்துஜா நல்ல சுடிதார் போட்டு, பொட்டு வைத்து, ஸ்டூலை ஹெல்மெட் அலமாரிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இங்கிலீஷ் வெள்ளமாக வந்து தன்னை அடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்திருந்தாள். திரையில் தெரிந்தது சிவந்த முகமும் வெள்ளைப் புருவமுமாக ஒரு பெரியவர். பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலில் சாம்பல் நிற வானம்.

“ஹலோ, சிந்துஜா” என்றார், பலமுறை சொல்லிப் பார்த்தவர் போல. அவ்வளவுதான். அப்புறம் பேச்சைக் காணோம்.

சிந்துஜா மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

“சாப்பிட்டேன்” என்றார். யோசித்தார். “ரொட்டி. சுட்ட ரொட்டி. அதன்மேல்… மஞ்சள். மஞ்சளாக. தடவுவது.” கையால் தடவிக் காட்டினார். “அது… அந்த…”

“பட்டர்?” என்றாள் சிந்துஜா.

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. “பட்டர்! ஆமாம். பட்டர், பட்டர்.”

சிந்துஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. என்ன அருமையான வாத்தியார்! வார்த்தையைத் தானே சொல்லிவிடாமல் விடுகதை போட்டு, அவள் வாயிலிருந்தே வரவழைக்கிறார். ஜன்னலைக் காட்டி, “மேலிருந்து வருவது, ஈரம்” என்றார். அவள் மழை என்றாள். ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்த கடற்பறவையைக் காட்டி, “வெள்ளை நாய், பறக்கிற நாய்” என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவர் ஒரு நொடி திகைத்தார், பிறகு அவரும் சிரித்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் சில விசித்திரங்கள் கண்ணில் பட்டன. “இல்லை” என்று சொல்லிக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டுவார். காப்பி கொண்டுவந்து வைத்த மகளைக் காட்டி, “என் அம்மா” என்பார். எல்லாவற்றிலும் விசித்திரம் எண்கள். எத்தனை பேரப்பிள்ளைகள் என்று அவள் கேட்டபோது அவர் சட்டென்று சொல்லவில்லை. “ஒன் டூ த்ரீ ஃபோர்” என்று படுவேகமாக எண்ணிக்கொண்டு போய், நாலில் டக்கென்று நின்று, “ஃபோர்” என்றார். அரை நொடிக்குள் நடந்துவிட்டது. அவ்வளவு மெதுவாகப் பேசுகிற மனிதர் அதை மட்டும் ரயில் மாதிரி சொன்னார்.

ஒரு சனிக்கிழமை கவிநிலா கடைக்கு வந்திருந்தாள். திரையில் படாத இடத்தில் நின்று முழுப் பேச்சையும் கேட்டாள். முடிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அண்ணி, அந்த ஆளு பேசறது பாதிக்குமேல தப்பு. நீங்கதான் அவருக்கு வார்த்த எடுத்துக் குடுக்கறீங்க.”

“சொல்லித் தர்றதுக்காக அப்பிடிப் பேசறாருடி.”

“சத்தியமா இல்ல. அவருக்கே தெரியல.”

உள்ளேயிருந்து மதிவாணன், “அங்க காலங்காத்தாலயே தண்ணி கிண்ணி போட்டுட்டு வர்றாரோ?” என்றான்.

“மாத்திடுங்க அண்ணி. தப்பு இங்கிலீஷ் பழகிட்டா அப்பறம் போவாது.” சொல்லிக்கொண்டே கவிநிலா போனை வாங்கினாள். வேறு துணை வேண்டும் என்பதை அழுத்தியதும் காரணம் கேட்டது. ‘பேச்சு தெளிவாக இல்லை’ என்ற வரியில் விரலை வைத்தாள். சிந்துஜா தடுக்கவில்லை. படித்த பெண் சொல்கிறாள்.

புதிதாக வந்தவள் பெயர் ஹானா. லண்டன்காரி, வயது முப்பதுக்குள் இருக்கும். அவள் பேச்சு ஐந்தில் வைத்த ஃபேன் மாதிரி ஓடியது. கேள்வியை அவளே கேட்பாள், சிந்துஜா வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். நல்ல பெண்தான், பிரியமாகத்தான் பேசினாள். ஆனால் அரைமணி நேரம் முடியும்போது சிந்துஜா சொல்லியிருந்தது ‘எஸ்’, ‘நைஸ்’, ‘ஓகே’. கடையில் சொல்வதைவிடக் குறைவு.

இரண்டு முறை இப்படிப் போனபின், ஒருநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றது. நாலு என்று சொல்ல ஒருவர் ஏன் ஒன்றிலிருந்து வர வேண்டும்? அவளே முயன்று பார்த்தாள். நாலு. நேராக வந்தது. ஐந்து. அதுவும் வந்தது. நேராக வராவிட்டால்? படி ஏறித்தான் மாடிக்குப் போக முடியும் என்றால்? அப்படி ஒரு மனிதருக்கு என்ன நடந்திருக்கும்?

அன்றைக்கே அந்த சைட்டின் வழியாகத் தானே எழுத்துக் கூட்டி, கவிநிலாவைக் கேட்காமல், ஒரு செய்தி அனுப்பினாள். ‘கீத் சார் நலமா? நான் பேச விரும்புகிறேன்.’

பதில் எழுத்தில் வரவில்லை, அழைப்பாக வந்தது. திரையில் இருந்தது கீத் அல்ல, காப்பி கொண்டுவந்து வைக்கும் மகள். தன் பெயர் ஜூலி என்றாள். சிந்துஜா முதலில், “தயவுசெய்து மெதுவாக” என்றாள். அந்த அழைப்பில் அதை இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதில் அப்பா ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றாள் ஜூலி. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. கை திரும்பி வந்தது, கால் திரும்பி வந்தது. வார்த்தைகள் மட்டும் திரும்பவில்லை.

“பட்டர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அதன் ருசி தெரியும், எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்றுகூடத் தெரியும். பெயர் மட்டும் வெளியே வராது. உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்த வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல.”

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். பழைய கூட்டாளிகள் வந்தால் அவர் வாக்கியத்தை அவர்களே முடித்துவிடுகிறார்கள். சிலர் அவருக்குக் காது கேட்காது என்பதுபோலக் கத்துகிறார்கள். அவருக்கு வெட்கம், வெளியே போவதையே விட்டுவிட்டார். “தானும் வார்த்தையைத் தேடுகிற ஒருவரோடு பேசினால் அவருக்கு வெட்கம் இருக்காது என்று நினைத்தேன். அதனால் சைட்டுக்கு உண்மையைச் சொல்லாமல் பதிந்தேன். உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.”

சிந்துஜா போனை இன்னும் அருகில் பிடித்தாள். கேட்கத் தெரிந்ததைக் கேட்டாள். “இப்போது அவர் எங்கே?”

ஜூலி தயங்கினாள். “மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிப்பார். ‘பேச்சு தெளிவாக இல்லை’ என்று வந்ததைப் படித்துவிட்டார். அதன்பிறகு லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.”

சந்தில் ஒரு ஐஸ்வண்டி மணியடித்துக்கொண்டு போனது. சிந்துஜா அது போகட்டும் என்று இருந்தாள். பிறகு, “என்ன வேலை செய்தார்?” என்று கேட்டாள்.

ஜூலி சொன்ன வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். ஜூலி விளக்கினாள். மீன் வரும். பெட்டி பெட்டியாக. ஒருவர் விலையைக் கூவுவார், மற்றவர்கள் ஏற்றிக் கேட்பார்கள், அதிகம் கேட்டவருக்கு மீன்.

“ஏலம்!” என்று சிந்துஜா தமிழிலேயே கத்திவிட்டாள். அவள் பிறந்தது குருசுக்குப்பம். அம்மா கன்னியம்மாள் இன்றைக்கும் கரையில் ஏலம் எடுத்து மார்க்கெட்டில் விற்கிறாள்.

“முப்பது வருஷம் ஏலம் போட்டார்” என்றாள் ஜூலி. “எங்கள் ஊரில் அவரைவிட வேகமாகப் பேசியவர் யாருமில்லை.”

அழைப்பை முடிக்குமுன் சிந்துஜா ஒரு சேதி சொல்லியனுப்பினாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைக் கோத்தெடுக்க வெகுநேரம் பிடித்தது. “அப்பாவிடம் சொல்லுங்கள். எனக்கும் பேச்சு தெளிவாக இல்லை. இரண்டு பேரும் ஒன்று.”

கீத் திரும்பி வந்தது அதற்கடுத்த வாரத்தில். காமிராவுக்கு நேராக உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். சிந்துஜா மன்னிப்புக் கேட்டாள். அவர் கையசைத்தார், அதெல்லாம் வேண்டாம் என்பதுபோல. பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“நான்… உடைந்த… உடைந்த…”

எடுத்துக் கொடுக்க சிந்துஜாவிடம் ஒரே ஒரு சொல்தான் தயாராக இருந்தது. “ஸ்கூட்டர்?”

அவர் அவளை நேராகத் திரும்பிப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. “ஆமாம்” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உடைந்த ஸ்கூட்டர்.”

“பரவாயில்லை. என் கணவர் மெக்கானிக்.”

அன்றைக்கு இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. அவர் தடுமாறினால் அவள் உடனே வார்த்தையை எடுத்து நீட்டக் கூடாது. ‘உதவியா, பொறுக்கவா?’ என்று கேட்க வேண்டும். அவர் எப்போதும் ‘பொறு’ என்றே சொல்வார். அவள் தடுமாறும்போது அவரும் அப்படியே. தெரியாத வார்த்தை வந்தால் அதைச் சுற்றி வந்து சொல்ல வேண்டும். எருமைக்கு இங்கிலீஷில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ‘கறுப்பு மாடு, தண்ணீரில் உட்காரும், கவலைப்படாது’ என்று சொன்னாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் பெயர் வரவில்லை. எருமை பெயரில்லாமலே அன்றைய பேச்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.

மீனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் கீத் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். அங்கே ஏலம் போடுவார்களா? யார் போடுவது? ஆணா, பெண்ணா? எந்த மொழியில்? கேள்விகள் துண்டு துண்டாக வரும், ஆனால் வந்துகொண்டே இருக்கும். போனிலேயே காட்டுகிறேன் என்றாள் சிந்துஜா. ஆனால் கரையில் ஏலம் நடப்பது காலை ஒன்பது மணிவாக்கில், உங்கள் ஊரில் அப்போது விடிந்திருக்காதே என்றாள். அவர் தன்னைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, “ஒன் டூ த்ரீ ஃபோர். ஃபோர். எப்போதும்” என்றார். ஏலக்காரரின் தூக்கம் இன்னும் நாலு மணிக்கே கலைகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிந்துஜா குருசுக்குப்பம் போனாள். அலையைத் தடுக்கக் கல் கொட்டியது போக மிச்சமிருக்கும் மணலில் ஃபைபர் படகுகள் ஏறியிருந்தன. வலையிலிருந்து உதறிய சங்கரா மீனும் கிழங்கானும் குவியல் குவியலாகக் கிடந்தன. சுற்றிலும் பெண்கள், இடுப்பில் கூடையும் பிளாஸ்டிக் டப்புமாக. கன்னியம்மாள் மகளையும் அவள் உயர்த்திப் பிடித்த போனையும் பார்த்தாள்.

“யாருடி அது, வெள்ளக்காரன்?”

“இவருதாம்மா கீத் சாரு. அவங்க ஊர்ல ஏலம் போட்டவரு. ஒடம்பு சரியில்லாம பேச்சு போயிடுச்சி. சும்மா கேக்கட்டும்.”

திரையில் கீத் சமையலறையில், குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். இங்கே ஏலக்காரர் அம்மாவாசை தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் குவியலுக்கு ஆரம்பித்தார். தொகை ஏறியது. பெண்களில் ஒருத்தி புருவத்தைத் தூக்கினாள், ஒருத்தி விரலைக் காட்டினாள், ஒருத்தி திட்டினாள். அம்மாவாசை யாரையும் விடாமல் கண்ணால் பிடித்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே போய், “ஒருதரம், ரெண்டுதரம்” என்று இழுத்து, முடித்தார். போனில் கீத் திரைக்கு மிக அருகில் வந்துவிட்டார். மொழி புரியாவிட்டாலும் அவர் கண்கள் யார் கேட்கிறார்கள், யார் பின்வாங்குகிறார்கள் என்று தேடின. உதடுகள் அசைந்தன.

இரண்டாவது குவியல் பாதியில் இருக்கும்போது போனிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

சிந்துஜா முதலில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தாள். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. உரத்த, தெளிவான, தாளம் தப்பாத குரல். எண்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின. நடுநடுவே கேலியாக ஒரு சொல், அதட்டலாக ஒரு சொல், மறுபடி எண்கள். ஓரிடத்தில்கூட நிற்கவில்லை, தேடவில்லை. அம்மாவாசை கூவுவதை நிறுத்திவிட்டார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரையில் அலைச் சத்தமும் அந்தக் குரலும்தான் இருந்தன.

“சோல்ட்!” என்று முடித்துக் கையால் மேஜையைத் தட்டினார் கீத்.

அம்மாவாசைதான் முதலில் வாயைத் திறந்தார். “பேச்சு போயிடுச்சின்னு சொன்னியேம்மா. இந்த ஆளு என் பொழப்புல மண்ணப் போட்டுடுவாரு போலருக்கே!”

கரையே சிரித்தது. அம்மாவாசை சும்மா விடவில்லை. மூன்றாவது குவியலிலிருந்து பெரிய சங்கரா ஒன்றை எடுத்து போனுக்கு நேராகக் காட்டினார். “சார், இந்தக் குவியல நீங்க போடுங்க.” சிந்துஜா மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கீத் ஆரம்பித்தார். அவர் பத்துப் பத்தாக ஏற்ற, சிந்துஜா அதை நூறு நூறாக்கிச் சொல்ல, பெண்கள் போனைப் பார்த்து விரலைக் காட்டினார்கள். அவர் ஒவ்வொரு விரலையும் பிடித்தார். கடைசிவரை விடாமல் ஏற்றிக் கேட்டவள் கன்னியம்மாள். குவியல் அவளுக்கே முடிந்தது.

“வழக்கத்தவிட ஒசத்தியா ஏத்தி உட்டுட்டாரு, பாவி மனுசன்” என்றாள் அவள். ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

சிந்துஜா போனை எடுத்துக்கொண்டு படகு நிழலுக்குப் போனாள். கீத்துக்குப் பின்னால் இரவு உடையில் ஜூலி வந்து நின்றிருந்தாள், வாயைக் கையால் பொத்தியபடி. கீத்துக்கு மூச்சு வாங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றுதான் அந்த நிமிஷம் சிந்துஜா நினைத்தாள்.

“அது…” என்றார். “அந்த… நான்… கை…”

நின்றுவிட்டார். வரவில்லை. நெற்றி சுருங்கியது. பழைய கீத். ஜூலி ஏதோ சொல்ல முன்னே குனிந்தாள். சிந்துஜா திரைக்கு நேராக விரலை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினாள். “உதவியா, பொறுக்கவா?” என்று கேட்டாள்.

“பொறு.”

பொறுத்தாள். அலை வந்து போனது. நாய் ஒன்று அவள் காலை முகர்ந்துவிட்டுப் போனது.

“என் கைகள்” என்றார் கீத், ஒவ்வொரு சொல்லாக வைத்து. “எப்போதும். குளிர்ந்திருக்கும். ஐஸ். வீட்டுக்கு வந்தபிறகும் குளிர்.”

அவ்வளவுதான். அவள் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. இங்கிலீஷில் ஒரு மனிதர் தன் மனசிலிருந்து சொன்னதை முழுசாகப் புரிந்துகொண்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

எண்ணுவதும் ஏலம் கூவுவதும் மூளையில் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்குமாம், டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்று ஜூலி பிறகு சொன்னாள். அதனால் மற்ற பேச்சு தானாக வந்துவிடாது. ஆனாலும் ஒன்று நடந்தது. பக்கவாதம் வந்தவர்கள் கூடுகிற ஒரு மன்றம் அவர்கள் ஊரில் உண்டு. இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காதவர், அங்கே நிதிக்காகக் கேக் ஏலம் போட வேண்டும் என்றதும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏலம் முடிந்ததும், பேச வராத மற்றவர்களோடு, பேச வராமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாராம்.

சிந்துஜாவின் இங்கிலீஷும் மாறியிருந்தது. வேகம் வரவில்லை. ஆனால் தெரியாத வார்த்தை எதிரே வந்தால் அவள் நிற்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறாள். “அண்ணி, கிராமர் தப்பு. ஆனா புரியுது” என்றாள் கவிநிலா. ‘பேச்சு தெளிவாக இல்லை’ என்று அழுத்திய விரலுக்காக அவள் கீத்திடம் தானே வந்து ஸாரி சொன்னாள். அவர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, மேலும் கீழும் பார்த்து, அவளையே ஏலம் போட ஆரம்பித்தார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாள்.

ஒரு புதன்கிழமை கன்னியம்மாள் வியாபாரம் முடித்துக் காலிக்கூடையோடு கடைக்கு வந்திருந்தாள். கீத் திரையில் இருந்தார். அந்த நேரம் பார்த்து நான்கு பேர் வண்டி கேட்டு வந்துவிட, மதிவாணனும் இல்லாததால், சிந்துஜா போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். “ஒரு நிமிஷம் பாத்துக்கினு இரும்மா.”

ஒரு நிமிஷம் அரைமணியாயிற்று. லைசென்ஸ் பார்த்து, ஹெல்மெட் அளவு பார்த்து, பின் பிரேக்கைப் பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால், அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். தமிழில். கரைப் பேச்சு, மார்க்கெட் பேச்சு, முழங்கால் வலி. கீத் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் தளர்ந்திருந்தன. பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

“என்னாம்மா பேசிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?”

“பாவம்டி. பொண்டாட்டி செத்துப்போச்சாம்.”

சிந்துஜா அவரோடு இத்தனை மாதம் பேசியிருக்கிறாள். ரொட்டி, மழை, எருமை, மீன் எல்லாம் பேசியிருக்கிறாள். இது தெரியாது. “யாரு சொன்னா ஒனக்கு?”

“அவருதான் சொன்னாரு.”

“எப்பிடி?”

“எப்பிடின்னா? நான் உங்க அப்பா போனதச் சொல்லிக்கினு இருந்தேன். தாலி இருந்த எடத்தத் தொட்டுக் காமிச்சேன். அவரு மோதரத்தக் காமிச்சாரு. பக்கத்து நாற்காலியக் காமிச்சாரு. அப்பறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். இதுல என்னா இருக்குது?”

சிந்துஜா போனை வாங்கி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். அதன்மேல் ஒரு மெத்தை இருந்தது, பூப்போட்டது. இதுவரை கவனித்ததில்லை. “அவர்கள் பெயர் என்ன?” என்று கேட்டாள்.

கீத் வாயைத் திறந்தார். மூடினார். நாற்காலியைப் பார்த்தார். நாற்பது வருஷம் கூப்பிட்ட பெயராக இருக்க வேண்டும். உதடு ஏதோ ஓர் எழுத்துக்காகக் குவிந்து, குவிந்தபடியே நின்றது. சிந்துஜா பொறுத்தாள். கன்னியம்மாளும் கூடைமேல் கையை வைத்துக்கொண்டு பொறுத்தாள். அவர் தலையை ஆட்டினார். இன்றைக்கு இல்லை.

“சனிக்கிழமை” என்றாள் சிந்துஜா.

சனிக்கிழமை திரை விரிந்ததும் அவர் ஹலோ சொல்லவில்லை. நேராக காமிராவுக்கு முன்னால், சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வழியிலேயே தொலைத்துவிடுவோமோ என்று பயந்தவர்போல அவசரமாகச் சொன்னார்.

“டோரத்தி.”

“டோரத்தி” என்று சிந்துஜா சொல்லிப் பார்த்தாள். நாக்குக்குப் புதிய பெயர். மறுபடி சொன்னாள், அவர் திருத்தினார், மறுபடி சொன்னாள். பிறகு ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “எப்படிப்பட்டவர்கள்?” என்று கேட்டாள்.

கீத் ஜன்னல் பக்கம் திரும்பி, வார்த்தைகளைத் தேட ஆரம்பித்தார்.